நார்அட் 0.4-ஐ எட்டியும் மேப் 65 வரவில்லை: செப்டிக் ஷாக்கில் அடுத்து எதில் கை வைப்பது?

முதுநிலை_மெடிசின்

தனி நோயாளியின் கதை இல்லை. செப்டிக் ஷாக்கில் (கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் விழும் நிலை) வார்டில் திரும்பத் திரும்ப வரும் படத்தை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

58 வயது, 60 கிலோ, பல வருடச் சர்க்கரை. 4 நாள் காய்ச்சல், குளிர் நடுக்கம், இன்று காலையிலிருந்து குழப்பமான பேச்சு. ரிங்கர் லாக்டேட் 2 லிட்டர் போயிற்று. மெரோபெனம் (ஆன்டிபயாட்டிக்) 1 கிராம் போட்டாயிற்று. நார்அட்ரினலின் (நார்அட், ரத்தக்குழாயை இறுக்கி அழுத்தம் ஏற்றும் மருந்து) 0.4 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம். மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 58. லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறுவது) 5.2-இல் இருந்து 2 மணி நேரத்தில் 5.0. சிறுநீர் மணிக்கு 15 மி.லி.

ஒருவர் இன்னும் ஒரு லிட்டர் விடு என்கிறார், ஒருவர் வாசோபிரசின் (இரண்டாவது அழுத்த மருந்து), ஒருவர் ஹைட்ரோகார்டிசோன் (ஸ்டீராய்டு). வரிசை எது, ஏன்?

ஐசியூ_இரவு

மூன்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது டாக்டர். 0.4 என்ற எண் உண்மையா, 58 என்ற எண் உண்மையா என்று பாருங்கள்.

58: ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் போட்ட குழாய்) என்றால் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் எங்கே நிற்கிறது? நான்காவது விலா இடைவெளி, மிட் ஆக்சிலரி கோடு, அதுதான் மட்டம். 10 செ.மீ. மேலே தொங்கினால் உண்மையைவிட 7 மி.மீ.க்கு மேல் குறைத்துக் காட்டும். கட்டிலை உயர்த்தியவர் டிரான்ஸ்டியூசரை உயர்த்தியிருக்க மாட்டார், தாழ்த்தியவர் தாழ்த்தியிருக்க மாட்டார். ஃப்ளஷ் அழுத்தி அலை எப்படி அடங்குகிறது என்று பாருங்கள். குமிழியோ கட்டியோ இருந்தால் அலை மழுங்கி சிஸ்டாலிக் விழும். டோஸ் அதிகமான நோயாளியில் ரேடியல் அழுத்தம் ஃபெமோரலைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. கையில் 58, தொடையில் 68 என்றால் அந்த 10-க்காக நாம் மருந்தை ஏற்றிக்கொண்டே போவோம்.

0.4: இதை மருந்துமேசை சொல்லட்டும்.

மருந்துமேசை

சொல்கிறேன். நார்அட்ரினலின் பிட்டார்ட்ரேட் உப்பு 2 மி.கி.யில் தூய நார்அட்ரினலின் (பேஸ்) ஏறத்தாழ 1 மி.கி.தான். ஆம்பூல் லேபிளில் உள்ள எண் உப்பின் எடையா, பேஸின் எடையா என்று ஒவ்வொரு தயாரிப்பிலும் படித்தே ஆகவேண்டும். ‘2 மி.கி./மி.லி. பிட்டார்ட்ரேட்’ என்று மட்டும் இருந்தால் அதில் பேஸ் 1 மி.கி. கொள்முதல் மாறி வேறு ஆம்பூல் வந்த அன்று, பம்பில் எண் மாறாமலே டோஸ் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிவிடும். வெளிநாட்டு ஆய்வுகளிலும் சிலர் உப்பாகவும் சிலர் பேஸாகவும் கணக்குச் சொல்வதால் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது. யூனிட்டுக்குள் எல்லோரும் பேஸ் கணக்கில் பேசுவதுதான் என் பரிந்துரை.

பேஸ் 4 மி.கி.யை 5% டெக்ஸ்ட்ரோஸில் 50 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோவுக்கு:
0.1 = மணிக்கு 4.5 மி.லி.
0.25 = 11.25 மி.லி.
0.4 = 18 மி.லி.

18 மி.லி. வேகத்தில் ஒரு சிரிஞ்சு 2 மணி 45 நிமிடம்தான் ஓடும். இந்தக் கட்டத்தில் 8 மி.கி./50 மி.லி.க்கு மாற்றுங்கள், 9 மி.லி. வேகம் போதும். மாற்றியதைச் சிரிஞ்சிலும் கேஸ் ஷீட்டிலும் சிவப்பில் எழுதுங்கள். அடர்த்தியை மாற்றி வேகத்தை மாற்ற மறந்தால் நோயாளிக்கு இரட்டை டோஸ்.

தாலுகா_எம்ஓ

பம்ப் இல்லாத இடத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும் சார். 108 வந்து மேல் மருத்துவமனை சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் இடங்கள் நிறைய. சென்ட்ரல் லைன் (பெரிய நரம்பில் போடும் குழாய்) கிடையாது. டோபமைன் (இன்னொரு அழுத்த மருந்து) ஓட்டிக்கொண்டே அனுப்புவது இன்னும் நடக்கிறது.

மருந்துமேசை

பேஸ் 4 மி.கி.யை 500 மி.லி.யில் கலந்தால் 1 மி.லி.க்கு 8 மைக்ரோகிராம். மைக்ரோடிரிப் செட்டில் 60 சொட்டு 1 மி.லி. 60 கிலோவுக்கு 0.1 வேண்டுமானால் நிமிடத்துக்கு 45 மைக்ரோ சொட்டு. சாதாரண செட்டில் இதைச் செய்யாதீர்கள். கை அசைந்தாலே சொட்டு மாறும் என்பதால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும்.

ஐசியூ_இரவு

சென்ட்ரல் லைன் இல்லை என்று நார்அட்டைத் தள்ளிப்போட வேண்டாம். 2021 செப்சிஸ் வழிகாட்டுதலே முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல நரம்பில் குறுகிய நேரம் ஓட்டலாம் என்கிறது. 18 அல்லது 20 கேஜ், தடையில்லாமல் ஃப்ளஷ் போகும் வென்ஃப்ளான் (கைநரம்பில் போடும் ஊசிக்குழாய்). மணிக்கட்டு, புறங்கை வேண்டாம். பிபி கஃப் மறு கையில். டோபமைன் வேண்டாம் என்பதற்குக் காரணம் அரித்மியா (இதயத் துடிப்புக் கோளாறு). 2010-இல் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஒப்பீட்டில் அது தெளிவாகத் தெரிந்தது.

சீக்கிரம் தொடங்குவதில் பலன் உண்டு. பாங்காக்கில் நடந்த, 2019-இல் வெளியான சென்சர் ஆய்வில் 0.05 என்ற சிறு டோஸை ஆரம்பத்திலேயே ஓட்டியவர்களில் 76% பேருக்கு 6 மணி நேரத்துக்குள் ஷாக் கட்டுக்குள் வந்தது. மற்ற குழுவில் 48%. டயஸ்டாலிக் 40-களில் தொங்கினால் முதல் திரவமான 30 மி.லி./கிலோ முடியட்டும் என்று காத்திருக்கக் காரணமே இல்லை. டயஸ்டாலிக் விழுகிறது என்றால் குழாய் தளர்ந்துவிட்டது. தண்ணீர் மட்டும் ஊற்றி அதை இறுக்க முடியாது.

7ஆம்_பிரிவு_சிஸ்டர்

கைநரம்பில் ஓட்டும்போது வென்ஃப்ளான் மேல் ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் மட்டும் போடுங்கள். பஞ்சும் பிளாஸ்டரும் சுற்றிவிட்டால் வெளுப்பு தெரியாது. மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று, வெளுத்து, நரம்பு வழியே வரிவரியாகத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

வெளியே கசிந்துவிட்டால் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. மருந்தை வேறு நரம்புக்கு மாற்றிவிட்டு, அதே வென்ஃப்ளான் வழியாக முடிந்த அளவு உறிஞ்சி எடுத்தபின் கழற்றவும். வெதுவெதுப்பான ஒத்தடம், ஐஸ் கூடாது. ஃபென்டோலமைன் 5 முதல் 10 மி.கி., 10 மி.லி. சலைனில், வெளுத்த இடத்தைச் சுற்றித் தோலடியில். அது கிடைக்காத இடத்தில் டெர்பியூட்டலின் 1 மி.கி. 10 மி.லி. சலைனில், அல்லது 2% நைட்ரோகிளிசரின் களிம்பு. களிம்பு பிபியை இறக்கும், பார்த்துத் தடவவும்.

முதுநிலை_மெடிசின்

சரி, டிரான்ஸ்டியூசர் மட்டம் சரி, பேஸ் கணக்கிலேயே 0.4 என்று வைத்துக்கொள்வோம். இப்போது இன்னொரு லிட்டரா? லாக்டேட் இறங்கவே இல்லையே.

எக்கோ_ப்ரோப்

60 கிலோவுக்கு 30 மி.லி./கிலோ என்றால் 1800 மி.லி. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இனி ஒவ்வொரு 250 மி.லி.யும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

கால் உயர்த்திப் பார்க்கும் சோதனையைப் பலர் தவறாகச் செய்கிறார்கள். படுத்திருப்பவரின் காலைக் கையால் தூக்குவது அது இல்லை. முதலில் 45 டிகிரி சாய்ந்து உட்கார்ந்த நிலை. பிறகு கட்டிலின் பொத்தானைக் கொண்டு தலைப்பக்கத்தை இறக்கி, கால்பக்கத்தை 45 டிகிரி ஏற்றுவது. வயிற்று நரம்புகளில் உள்ள ரத்தமும் சேர்ந்து இதயத்துக்கு வரவேண்டும். பார்க்க வேண்டியது பிபியை அல்ல. இடது வென்ட்ரிக்கிள் வாயிலின் விடிஐயை (ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தைக் காட்டும் எக்கோ அளவு), ஒரு நிமிடத்துக்குள். 10 முதல் 15% ஏறினால் திரவம் உதவும். எக்கோ தெரியாதவர் வென்டிலேட்டரில் உள்ள நோயாளியின் எண்ட் டைடல் கார்பன் டைஆக்சைடைப் பார்க்கலாம், 5% ஏறினால் அதே அர்த்தம். வயிறு உப்பி இறுகியிருந்தால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

கால் உயர்த்தும்போது வலி, இருமல், கழிவுக்குழாய் இழுபடுதல் இவையெல்லாம் நாடித்துடிப்பை ஏற்றிப் பொய் சொல்லும்.

ஐசியூ_இரவு

லாக்டேட்டுக்கு வருகிறேன். அதை மட்டும் துரத்தித் திரவம் ஊற்றுவது தவறு. 2019-இல் தென் அமெரிக்க நாடுகளில் நடந்த ஆண்ட்ரோமீடா ஷாக் ஆய்வில் ஒரு குழுவுக்கு லாக்டேட் இலக்கு, மறு குழுவுக்கு கேபிலரி ரீஃபில் இலக்கு. 28 நாள் இறப்பு ரீஃபில் குழுவில் 34.9%, லாக்டேட் குழுவில் 43.4%. புள்ளியியல் எல்லையைச் சற்றே தவறவிட்டது என்றாலும், காசில்லாத ஒரு சோதனை குறைந்தபட்சம் இணையாக நிற்கிறது என்பது நமக்குப் பெரிய விஷயம்.

செய்யும் முறை முக்கியம். ஆள்காட்டி விரல் நுனியின் உட்பக்கத்தில் கண்ணாடி ஸ்லைடை வைத்து, தோல் வெளுக்கும்வரை அழுத்தி, 10 நொடி பிடித்து, விட்டபின் நிறம் திரும்பும் நேரத்தை வாட்சில் எண்ண வேண்டும். 3 நொடிக்கு மேல் என்றால் அசாதாரணம். நகத்தை அரை நொடி அமுக்கி ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதுவது சோதனையே இல்லை. ஏசி நேரே அடிக்கும் கையில் பார்க்காதீர்கள்.

லாக்டேட் ஏறியே இருக்க வேறு காரணங்களும் உண்டு: அட்ரினலின் ஓடுகிறதா, மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரா, ஈரல் எப்படி, சாம்பிள் எடுத்து எவ்வளவு நேரம் கழித்து மெஷினில் போட்டார்கள். உங்கள் நோயாளி சர்க்கரைக்காரர், மெட்ஃபார்மினைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

தாலுகா_எம்ஓ

30 மி.லி./கிலோ என்பதையே எல்லோருக்கும் ஒரே மாதிரி போட எனக்குத் தயக்கம். வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டால் திருப்பி எடுக்க வழியில்லை.

ஐசியூ_இரவு

தயக்கம் நியாயமானது சார். 2011-இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடு ஷாக்கில் வந்த குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வில், போலஸ் (வேகமாக விடும் திரவம்) வாங்கிய குழந்தைகளில் 48 மணி நேர இறப்பு 10.5%-க்கு மேல், வாங்காதவர்களில் 7.3%. 2017-இல் ஜாம்பியாவில் பெரியவர்களிடம் நடந்ததில் திரவ நெறிமுறைக் குழுவில் 48.1%, வழக்கமான சிகிச்சையில் 33%. அங்கே பெரும்பாலோர் எச்ஐவி உள்ளவர்கள், வென்டிலேட்டர் அரிது. அந்த மக்கள் வேறு, நம் நோயாளி வேறு என்று சொல்லலாம். ஆனால் இரண்டு இடத்திலும் வசதி குறைவு என்பது உங்கள் நிலைமைக்கு நெருக்கம். அமெரிக்காவில் 2023-இல் வந்த குளோவர்ஸில் குறைவான திரவமும் நிறைந்த திரவமும் இறப்பில் ஒன்றாகவே முடிந்தன.

என் முறை: 500 மி.லி., உடனே மூச்சு எண்ணிக்கை, நுரையீரல் அடிப்பகுதியில் கிரெப்ஸ் (நீர் கோத்த ஒலி), ஆக்சிஜன் தேவை. ஏறினால் நிறுத்தி நார்அட். இல்லையென்றால் அடுத்த 500. டெங்குவும் மலேரியாவும் வேறு கணக்கு. டெங்குவில் ஹிமாட்டோக்ரிட்டை வைத்து ஓட்ட வேண்டும், கடுமையான மலேரியாவில் வேகமான போலஸ் ஆபத்து. காய்ச்சல் ஷாக் எல்லாவற்றையும் செப்டிக் ஷாக் பெட்டியில் போடக் கூடாது.

கண்ணாடித்தகடு

நுண்ணுயிரியல் பக்கத்திலிருந்து. இழையில் எல்லோரும் அழுத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள். 4 நாள் காய்ச்சல், சர்க்கரை, மெரோபெனம் போட்டும் அசையவில்லை. கிருமி எது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை!

ஒன்று, ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு உண்ணிப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல்). வேலூர் வட்டாரத்திலும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் மழைக்குப் பின் குளிர் மாதங்களில் இது சாதாரணம். கிருமி செல்லுக்குள் வாழ்வது. மெரோபெனம் எத்தனை கிராம் போட்டாலும் அதைத் தொடாது. எஸ்காரை (கடித்த இடத்துப் பொருக்கு) தேடுங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்பில் துணி இறுக்கும் இடம், விரைப்பை. வலிக்காது, நோயாளி சொல்ல மாட்டார். உடையை முழுக்க விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான மடிப்பில் கறுப்புப் பொருக்கு இருக்காது, ஆழமில்லாத வெளிர் புண்ணாக இருக்கும். எஸ்கார் இல்லை என்பதால் ஸ்க்ரப் இல்லை என்று ஆகிவிடாது.

இந்தியாவிலேயே நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, கடுமையான ஸ்க்ரப்பில் நரம்புவழி டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து 7 நாள் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று காட்டியது. ஷாக்கில் இருப்பவருக்கு நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். இசிஜியில் க்யூடி இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மெலியாய்டோசிஸ் (மண்ணிலும் நீரிலும் உள்ள ஒரு கிருமியால் வரும் தொற்று). சர்க்கரை, மழைக்காலம், நிமோனியா அல்லது ஈரல், மண்ணீரல், ப்ராஸ்டேட்டில் சீழ். ரிப்போர்ட்டில் ‘சூடோமோனாஸ் வகை’ என்று வந்து, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் எதிர்ப்பு, ஆனால் அமாக்சிசிலின் கிளாவுலனேட்டுக்குக் கேட்கிறது என்றால் உடனே லேபைக் கூப்பிட்டு பர்க்கோல்டேரியா சூடோமேலியையா என்று கேளுங்கள். இதற்கு மெரோபெனம் கேட்கும். அதனால் ‘காய்ச்சல் குறைந்துவிட்டது, செஃப்ட்ரியாக்சோனுக்கு இறக்கலாம்’ என்று இறக்குவதில்தான் ஆபத்து. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம், குறைந்தது 10 முதல் 14 நாள், ஆழ்ந்த சீழ் இருந்தால் இன்னும் நீண்ட காலம்.

கல்ச்சர்: இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ஒரே குத்தில் எடுத்த ரத்தத்தை இரண்டு பாட்டிலில் பிரிப்பது இரண்டு செட் ஆகாது. 3 மி.லி. அனுப்பிவிட்டு ‘வளரவில்லை’ என்று வந்தால் நம்பாதீர்கள். கல்ச்சருக்காக ஆன்டிபயாட்டிக்கை முக்கால் மணிக்கு மேல் நிறுத்தி வைக்கவும் கூடாது.

முதுநிலை_மெடிசின்

எஸ்கார் பார்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும், எங்கள் ப்ரோஃபார்மாவில் (கேஸ் படிவம்) அந்த வரியே இல்லை. கிரியேட்டினின் 2.8. மெரோபெனம் டோஸைக் குறைக்கலாமா?

மருந்துமேசை

முதல் டோஸை ஒருபோதும் குறைக்காதீர்கள். செப்டிக் ஷாக்கில் மருந்து பரவும் கொள்ளளவு பெருகிவிடும், சிறுநீரகம் எப்படி இருந்தாலும் முதல் டோஸ் முழுசு. அடுத்த 48 மணி நேரமும் பீட்டா லாக்டாம்களை அவசரப்பட்டு இறக்க வேண்டாம். வரும்போது இருக்கும் சிறுநீரகக் கோளாறில் கணிசமானது ரத்த ஓட்டம் திரும்பியதும் இரண்டு நாளில் தேறிவிடும். நாம் அதற்குள் பாதி டோஸில் கிருமியை வளர்த்துவிடுவோம். முதல் 1 கிராம் அரை மணியில், பிறகு ஒவ்வொரு டோஸும் 3 மணி நேரமாக ஓட்டுவது. 24 மணி நேரச் சிரிஞ்சு மெரோபெனத்துக்கு வேண்டாம், அறை வெப்பத்தில் அது சிதையும். பாலிமிக்சின் பி தேவைப்பட்டால் லோடிங் கிலோவுக்கு 20,000 முதல் 25,000 யூனிட், அதைச் சிறுநீரகத்துக்காகக் குறைப்பதில்லை.

எக்கோ_ப்ரோப்

மூல இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர், ஷாக், சிறுநீர் குறைவு என்றால் எம்ஃபைசிமேட்டஸ் பைலோனெஃப்ரைட்டிஸ் (சிறுநீரகத்தில் வாயு உண்டாக்கும் தொற்று) இல்லை என்று நிரூபிக்கும்வரை நான் நிம்மதியாக இருக்க மாட்டேன். அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்துக்குள் உள்ள வாயு குடல் வாயு போலத் தெரிந்து ஏமாற்றும். கான்ட்ராஸ்ட் இல்லாத சிடி போதும், கிரியேட்டினின் 2.8 அதற்குத் தடையில்லை. அடைப்பட்ட சிறுநீரகத்தில் சீழ் இருந்தால் டிஜே ஸ்டென்ட்டோ (சிறுநீர்க்குழாய்க்குள் வைப்பது) தோல்வழிக் குழாயோ போடாமல் எந்த வாசோபிரசரும் நிற்காது. கண்டுபிடித்ததும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள். ‘ஸ்டேபிள் ஆகட்டும், எடுத்துக்கொண்டு போகலாம்’ என்ற வாக்கியத்தில்தான் நேரம் போகிறது. வடித்தால்தான் ஸ்டேபிள் ஆவார். முதுகு, பிட்டம், தொடை இடுக்கைத் திருப்பிப் பாருங்கள், நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் (தோலடித் திசு அழுகும் தொற்று) போர்வைக்குள் ஒளிந்திருக்கும்.

எக்கோவில் ஒன்று: சிறிய, தடித்த சுவர் கொண்ட இடது வென்ட்ரிக்கிள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தால் டோபுடமைனோ அட்ரினலினோ தொடாதீர்கள். வாயிலே அடைத்துக்கொண்டு பிபி இன்னும் விழும். அங்கே திரவமும் வாசோபிரசினும். மாறாகச் சுருக்கம் மந்தமாக இருந்தால் டோபுடமைன் 2.5-இல் தொடக்கம்.

ஐசியூ_இரவு

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வரலாம். நார்அட் 0.25-ஐத் தாண்டும்போதே வாசோபிரசின், 0.4 வரை காத்திருக்க வேண்டாம். 20 யூனிட்டை 50 மி.லி. ஆக்கினால், நிமிடத்துக்கு 0.03 யூனிட் என்பது மணிக்கு 4.5 மி.லி. இதை ஏற்றி இறக்குவதில்லை, நிலையான டோஸ். விரல் நுனி கறுக்கிறதா, வயிறு வலித்து உப்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹைட்ரோகார்டிசோன் 50 மி.கி. 6 மணிக்கு ஒருமுறை: நார்அட் 0.25-க்கு மேல் 4 மணி நேரமாக ஓடுகிறது என்றால். உங்கள் நோயாளி வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர் என்றால் 4 மணி நேரம் காக்காமல் உடனே. 2018-இன் அட்ரினல் ஆய்வில் ஷாக் சீக்கிரம் விலகியது, இறப்பு மாறவில்லை. அதே ஆண்டு பிரான்சில் ஃப்ளூட்ரோகார்டிசோன் 50 மைக்ரோகிராம் சேர்த்துக் கொடுத்ததில் 90 நாள் இறப்பும் குறைந்தது. டியூப் வழியே ஃப்ளூட்ரோகார்டிசோன் சேர்ப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

அயனைஸ்டு கால்சியம் பாருங்கள், 1.0-க்குக் கீழே என்றால் 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., 10 நிமிடத்தில். பைகார்ப் ஓடும் லைனில் அல்ல. பைகார்பனேட் பிஹெச் 7.2-க்குக் கீழே, சிறுநீரகமும் கெட்டிருந்தால் மட்டும்.

மருந்துமேசை

அழுத்தம் ஏற்ற மெத்திலீன் ப்ளூவைக் கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே: நோயாளி லினசோலிட்டில் (ஓர் ஆன்டிபயாட்டிக்) இருக்கிறாரா பாருங்கள், செரட்டோனின் சிண்ட்ரோம் வரும். ஜி6பிடி குறை உள்ளவர்களுக்கு ரத்த அணு உடையும். போட்டதும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பொய்யாக விழும்.

இன்னொன்று. இரண்டாம் நாள் முதல் திரவக் கணக்கை நான் கேட்டால் டிரிப் மட்டும் சொல்கிறார்கள். பாராசிட்டமால் 100 மி.லி. நான்கு, மெரோபெனம் 100 மி.லி. மூன்று, அசித்ரோமைசின் 250, டாக்சி 100 இரண்டு, ஃப்ளஷ்கள். ஒரு லிட்டருக்கு மேல் யாரும் எழுதாமல் உள்ளே போகிறது. அழுத்தம் நின்றபின் வரும் மூச்சுத்திணறலுக்கு இதுவே காரணமாகலாம்.

தாலுகா_எம்ஓ

அனுப்பும்போது என்ன எழுதி அனுப்பினால் உங்களுக்கு உதவும்?

7ஆம்_பிரிவு_சிஸ்டர்

நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான் சார்: கல்ச்சர் எடுத்த நேரம், முதல் ஆன்டிபயாட்டிக் எது, எத்தனை மணிக்கு, மொத்தம் எத்தனை மி.லி. போயிற்று, நார்அட் எத்தனை மி.கி. எத்தனை மி.லி.யில், உப்பா பேஸா, இப்போதைய வேகம். ‘ஐனோ ஆன் ஃப்ளோ’ (அழுத்த மருந்து ஓடுகிறது) என்று மட்டும் எழுதினால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. கல்ச்சர் பாட்டிலை நோயாளியோடே அனுப்புங்கள், ஃப்ரிட்ஜில் வைக்காமல்.

சிரிஞ்சு தீரும்வரை காத்திருந்து மாற்றினால் அந்த ஒரு நிமிடத்தில் மேப் 40-க்கு விழும். 10 மி.லி. இருக்கும்போதே இரண்டாவது பம்பில் புதிய சிரிஞ்சைப் பொருத்தி, காற்றை வெளியேற்றி, அதே வேகத்தில் ஓட விடுங்கள். மேப் 5 ஏறியதும் பழையதை மெதுவாகக் குறைத்து நிறுத்துங்கள். அந்த லூமனில் (குழாயின் அந்த வழியில்) வேறு எந்த மருந்தும் தள்ளக் கூடாது, ஃப்ளஷும் கூடாது. ஆம்புலன்ஸ் ஏறும் முன் பம்ப் பேட்டரியைப் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, நிறைத்து லேபிள் ஒட்டிய இன்னொரு சிரிஞ்சைக் கூட வருகிறவர் கையில் கொடுங்கள்.

முதுநிலை_மெடிசின்

ப்ரோஃபார்மாவில் எஸ்கார், மெட்ஃபார்மின், ஸ்டீராய்டு மாத்திரை மூன்றுக்கும் வரி சேர்க்கிறேன். நார்அட் உப்பா பேஸா என்ற கட்டத்தையும். வரைவை நாளை இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.